கதவுச் சிலந்தியும் உன் அம்மாவும்

எய்யா கதிரு,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பாதி இந்தி, பாதி தமிழ். நான் பால் பொங்கப் போகிறது என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பால் அப்போது சூடாகக்கூட இல்லை. அது உனக்கும் தெரிந்தது. மறுபடி கேட்காமல் பெட்டி அடுக்கப் போய்விட்டாய். அன்றிலிருந்து நாம் இருவரும் விசாவைப் பற்றியும், குளிருக்கான கோட்டைப் பற்றியும், ஊறுகாயை எதில் கட்டினால் எண்ணெய் கசியாது என்பதைப் பற்றியும் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் சில நாளில் நீ ஜெர்மனிக்குப் போய்விடுவாய். இந்த ஆகுர்டி வீட்டில் நான் தனியாக இருப்பேன். அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அவசரப்படாமல் வாய்விட்டுப் படி. புரியும். உன் அம்மாவைப் பற்றி வேறு மொழியில் எழுத எனக்குத் தெரியாது.

நீ கேட்டது, "என்னாலதான் அம்மா செத்தாங்களா?" என்று. அம்பாசமுத்திரத்துக் கல்யாண வீட்டில் அத்தை உன்னிடம் பேசியதை அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டர் பிள்ளை வேண்டாம் என்று சொல்லியும் உன் அம்மா கேட்கவில்லை என்றாளாம். சிலந்திக் குஞ்சு தாயைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வரும், பொழுதன்றைக்கும் அந்தச் சிலந்தியையே பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்கும் அதே கதைதான் ஆனது என்றாளாம். பந்தியில் பத்துப் பேர் நடுவில் இதைக் கேட்டுக்கொண்டு, இலையில் கை வைக்காமல் நீ எழுந்து போனதாகச் சொன்னார்கள். அத்தை சொன்னதில் ஒன்று உண்மை. ஒன்று பொய். இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் வந்திருக்கிறது. அது இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டது. அது அவள் வீட்டாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணமாகிப் புனே பக்கத்துத் தளேகாவில் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு, ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏறும்போது அவள் நின்று நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காதில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து, பிள்ளை பெறுவது இந்த இதயத்துக்குப் பெரிய பாரம், சிலர் தாண்டிவிடுகிறார்கள், சிலரால் முடிவதில்லை, யோசித்துச் செய்யுங்கள் என்றார். நான் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ரயிலில் திரும்பும்போது அதை அவளிடம் சொன்னேன். லோக்கலில் கூட்டம் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் பயந்துக்கிட்டே இருந்தா மட்டும் வால்வு சரியாயிருமா?" என்று கேட்டாள். அதன் பிறகு ஒரு வருடத்தில் இந்தப் பேச்சு எங்களுக்குள் எத்தனையோ தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள்தான் ஜெயித்தாள். நீ வந்தாய். நீ பிறந்த பிறகு அவளுக்கு மூச்சுத் திணறல் கூடியது, அதை மறைக்க மாட்டேன். எவ்வளவு உன்னால், எவ்வளவு அந்தப் பழைய காய்ச்சலால் என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியவில்லை. நீ வராமல் இருந்திருந்தாலும் அந்த வால்வு ஒருநாள் நின்றிருக்கும் என்றுதான் கடைசியில் பார்த்தவர் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் அதிகம் நடக்கக் கூடாது, சுமக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. விலங்கியல் படித்தவள். ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையோடு புனேவுக்கு வந்தவள். இப்போது வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் அடைந்து போனாள். நம் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் உனக்கு நினைவிருக்கிறதா? மலைச்சரிவை வெட்டி வீடு கட்டியிருந்ததால், துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு, இங்கே முரம் என்கிற சிவந்த சரளை மண் சுவர் போல நிற்கும். மழைக்காலத்தில் அதில் பச்சைப் பாசி படரும். உன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லில் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஆடி மாதம், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "இங்க வாங்களேன். மண்ணுல ஒரு கதவு இருக்கு."

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. வெறும் பாசி. அவள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பாசியில் ஓரிடத்தில் மெதுவாக நெம்பினாள். பழைய எட்டணாக் காசு அளவுக்கு மண் வட்டமாக மேலே எழும்பியது. மேல்பக்கம் பாசி, அடிப்பக்கம் வெள்ளைப் பட்டு. ஒருபக்கம் கீல் வைத்தது போல நூலால் தைத்திருந்தது. நான் குனிவதற்குள் உள்ளேயிருந்து எதுவோ அதை வெடுக்கென்று இழுத்து மூடிக்கொண்டது. மறுபடி நெம்பிப் பார்த்தோம். ஈர்க்கு வளைந்ததே தவிர கதவு திறக்கவில்லை. உன் அம்மா சிரித்தாள். நீ பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று ஷிப்டுக்கு லேட்டாகத்தான் போனேன்.

அந்தச் சிலந்திக்குத் தமிழில் பேர் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுச் சிலந்தி என்று அவளே வைத்துக்கொண்டாள். புனேயில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பேராசிரியையை ஒருமுறை போய்ப் பார்த்தாள். அந்த அம்மா புத்தகங்களைக் காட்டி, இதில் பெண் சிலந்தி இருபது வருடத்துக்கு மேல்கூட இருக்கும், தோண்டிய வளையை விட்டு வாழ்நாள் முழுக்க வெளியே போகாது, உடம்பு வளர வளர வளையையும் கதவையும் அகலமாக்கிக்கொள்ளும் என்று சொன்னாராம். மீதியை இவள் கல்லில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டாள். நான் வேலை முடிந்து வந்ததும் காப்பி கொடுத்துவிட்டு அன்றைக்குப் பார்த்ததைச் சொல்லுவாள். கதவின் அடிப்பக்கத்தில் இரண்டு சின்னப் பொத்தல் இருக்கும், அங்கேதான் பல்லையும் நகத்தையும் கொடுத்து இழுத்துப் பிடிக்கும் என்பாள். பொழுது சாயும்போது கதவை ஒரு நூல் அளவு தூக்கிவைத்துக்கொண்டு, முன்கால்களின் நுனியை மட்டும் விளிம்பில் வைத்து உட்கார்ந்திருக்கும். வண்டோ எறும்போ அந்தப் பக்கம் நடந்தால் மண்ணின் அதிர்விலேயே அதற்குத் தெரிந்துவிடும். பாய்ந்து பிடித்து உள்ளே இழுத்த பிறகுதான் கதவு திறந்தது என்பதே நம் கண்ணுக்குத் தெரியும். கொளுத்துகிற வெயில் மாதங்களில் கதவைச் சுற்றிலும் நூலால் ஒட்டி அடைத்துவிட்டு உள்ளே கிடக்கும். அந்த மண்சுவரில் அப்படிப் பல கதவுகள் இருந்தன. நான் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவள் நின்ற இடத்திலிருந்தே காட்டுவாள்.

ஒரு வருடம் முதல் மழை விழுந்த அன்று கறுப்பாக ஒன்று அடுக்களைக்குள் வந்துவிட்டது. நான் செருப்பை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, கொல்லையில் கொண்டுபோய் விட்டாள். அது ஆண். சில வருடம் தன் வளையிலேயே வளர்ந்துவிட்டு, மழை வந்ததும் ஒரே ஒரு தடவை வெளியே வரும், பெண்ணின் கதவைத் தேடி அலையும், கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் அந்த மழைக்காலத்தோடு அதன் ஆயுசு முடிந்துவிடும் என்றாள். இன்னொரு நாள் ஒரு கருநீலக் குளவி மண்சுவரில் கதவு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனது. ஒரு கதவை அது பிய்த்துக்கொண்டு உள்ளே போனபோது நான் துண்டால் விரட்டப் போனேன். வேண்டாம் என்று தடுத்தாள். அந்தக் குளவி சிலந்தியைக் கொட்டி அசைய முடியாமல் செய்துவிட்டு அதன்மேல் முட்டையிடும். உயிரோடு இருக்கும் சிலந்தியைத் தின்றுதான் குளவியின் புழு வளரும். இதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அந்தக் குளவியை அவள் ஒருநாளும் விரட்டியதில்லை. நாம் பார்க்கலாம், நியாயம் சொல்லக் கூடாது என்பாள். எனக்கு அது அப்போது புரியவில்லை. மெஷின் ஷாப்பில் முப்பது வருடம் ஆட்களோடு வேலை பார்த்த பிறகு கொஞ்சம் புரிகிறது. நீ புது ஊருக்குப் போகிறாய். யாரைப் பார்த்தாலும் கொஞ்ச நாள் சும்மா பார். அப்புறம் பேசு.

இப்போது அத்தை சொன்ன பொய்க்கு வருகிறேன். துவைக்கிற கல்லுக்கு இடதுபக்கம் இருந்தது பெரிய சிலந்தி. அம்மா முதலில் கண்டுபிடித்தது அதைத்தான். நீ பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வருடம், கோடையில் அது கதவை அடைத்ததோடு சரி, மழை வந்தும் வெகுநாள் திறக்கவில்லை. ஒருநாள் மழை விட்ட நேரத்தில் கதவு லேசாகத் தூக்கியிருந்தது. உள்ளேயிருந்து குண்டூசித் தலை அளவில் குஞ்சுகள் வரிசையாக வெளியே வந்தன. நீ எண்ண முயன்று, உனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் தீர்ந்துபோய் அழுதாய். பக்கத்து வீட்டு காக்குவும் வந்து பார்த்தாள். அவள் பேர் சொல்லி நாம் கூப்பிட்டதே இல்லை, மராத்தியில் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் அவள் காக்குதான். இனிமேல் அந்தக் கதவு திறக்காது, குஞ்செல்லாம் தாயைத் தின்றுவிட்டுத்தான் வருகின்றன, தன் மாமியார் சொல்லியிருக்கிறார் என்றாள் காக்கு. சில சிலந்திகளில் அப்படி உண்டுதான், ஆனால் இதில் எப்படி என்று தெரியவில்லை, பார்ப்போம் என்றாள் உன் அம்மா.

குஞ்சுகள் போன பிறகு கதவு மூடியது. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. தினமும் சாயங்காலம் அவள் கல்லில் போய் உட்காருவாள். ஈர்க்கால் நெம்பிப் பார்த்துவிடலாமே என்றேன். "இருந்தா அதைத் தொந்தரவு பண்ணுத மாதிரி. இல்லன்னா இன்னைக்கே தெரிஞ்சு என்ன ஆகப்போவுது" என்றாள். அந்த நாட்களில் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காக்கு சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு சிலந்திக்காக ஆண்டவனிடம் வேண்டிக்கொண்ட மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரெல்லாம் கொட்டு முழங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தினால் அது பயந்துவிடும். கையைத்தான் அசைத்தாள். போய்ப் பார்த்தேன். கதவு ஒரு நூல் அளவு தூக்கியிருந்தது. விளிம்பில் கால் நுனிகள் இருந்தன. "தின்னலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண் நிறைந்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே சிலந்தி இன்னொரு தடவையும் குஞ்சு பொரித்தது. தின்று தீர்க்கப்பட்டது எப்படி இன்னொரு முறை பொரிக்கும்? காக்கு இதைக் கேட்டுவிட்டு, எப்பேர்ப்பட்ட தாய் என்று அந்த மண்சுவருக்குக் குங்குமம் வைக்கப் போனாள். உன் அம்மா சிரித்துக்கொண்டே தடுத்து, தனக்குத் தெரிந்த மராத்தியில் அவளிடம் விளக்கினாள். பிறகு என்னிடம், "அது நல்ல அம்மாவும் இல்ல, கெட்ட அம்மாவும் இல்ல. அது சிலந்தி. அதுக்குத் தெரிஞ்சதை அது செய்யுது" என்றாள். ஆகவே, கதிரு, நானும் அந்தச் சிலந்தியை உன் அம்மாவாக்கிப் பேசவில்லை. அது அவளுக்குப் பிடிக்காது. தாயைத் தின்ற குஞ்சு என்று உன்னைச் சொல்ல அத்தை அந்தச் சிலந்தியைச் சாட்சிக்கு இழுத்தாள். சாட்சி அப்படிச் சொல்லவில்லை. தினமும் கூட உட்கார்ந்து பார்த்தவள் உன் அம்மா. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசி வருடம் அவளால் படுத்துத் தூங்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் கண்ணை மூடுவாள். ஆபரேஷன் செய்து வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், கொல்லை வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தேன். நீ மண்சுவருக்குக் கீழே காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு ரயிலில் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காதே என்று என்னையறியாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கேட்டிருந்தா இத்தனை வருஷம் நான் இங்க என்ன செஞ்சிருப்பேன்? மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன். என்னைப் பாத்தா மூச்சை எண்ணுனவ மாதிரியா இருக்கு?" இல்லை என்றேன். உன் பக்கம் பார்த்து, கப்பல் கவிழ்கிறது, அடியை அகலமாக மடிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்றாள். நான் எழுந்து வந்து உனக்கு மடித்துக் கொடுத்தேன். உனக்கு அது நினைவிருக்கிறதோ என்னவோ.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் அவள் போய்விட்டாள். உனக்கு ஏழு வயது. அடுத்த வருடம் கம்பெனியில் அந்த மண் சரிந்துவிடும் என்று வீடுகளுக்குப் பின்னால் கருங்கல் சுவர் எழுப்பினார்கள். கல்லும் சிமெண்டும் எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டன. நான் தடுக்கவில்லை. யாரிடமாவது போய்ப் பேசியிருக்கலாம். எதையும் தடுக்கிற தெம்பு அப்போது என்னிடம் இல்லை. சுவர் கட்டிய நாட்களில் கொல்லைக் கதவைத் தாழிட்டு வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் உனக்குச் சோறு ஊட்டியது யார் தெரியுமா? அத்தைதான். தன் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில் வந்து ஒரு வருடத்துக்கு மேல் நம்மோடு இருந்தாள். நீ அம்மா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ரயில் காட்டுவாள். உன் அம்மா மேல் அவளுக்கு உயிர். தம்பி இப்படித் தனி மரமாகிவிட்டானே என்ற ஆற்றாமை அவளுக்குள் இத்தனை வருடம் கிடந்து புளித்துப்போய், கல்யாண வீட்டில் உன் முகத்தில் கொட்டிவிட்டது. அவள் சொன்னது தப்புத்தான். போகிற அன்றைக்கு அவளுக்கு ஒரு போன் போட்டுப் போய் வருகிறேன் என்று மட்டும் சொல். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன். உனக்கென்று ஒருத்தி வந்தால் அவளிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லு. நோயை மட்டும் சொல்லாதே. அவள் கல்லில் உட்கார்ந்து சிரித்ததையும் சொல்லு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபரேஷன் அன்று காலையில் நல்ல மழை. காக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ கிடைக்காமல் இருவரும் தொப்பலாக நனைந்திருந்தீர்கள். அம்மா உன்னைக் கட்டிலோரம் இழுத்துத் தலையைத் தடவினாள். நீ நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளைகள் உள்ளே இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும் நான் உன்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், தோளில் கிடந்த துண்டால் துடைத்து, காக்குவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். ஏதோ சொல்ல வேண்டும் என்று என்னைக் கையால் கூப்பிட்டாள். நான் குனிந்தேன். வீட்டைப் பற்றியோ, உன் படிப்பைப் பற்றியோ, தான் திரும்பி வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவனுக்குத் தலை துவட்டுனியளா?" என்றாள்.

"துவட்டிட்டேன்."

"காதுக்குப் பின்னால?"

"அங்கயும்."

சரி என்று தலையை ஆட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அப்பா